சிறு காரில் பெருநாதம்

கேள்வி: என்னிடம் 1992-ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா இருக்கிறது. கூரையை மடக்கி ஓட்டினால் பாட்டில் டிரம்மின் அதிர்வே காதில் விழுவதில்லை. சப்ஊஃபரை டிக்கியில் வைக்கலாமா?

பதில்: டிக்கி வேண்டவே வேண்டாம். அங்கே வைத்தால், இருக்கைகளுக்குப் பின்னுள்ள இரும்புத் தடுப்பும் பெட்ரோல் டாங்கியும் நாதத்தை மறித்துவிட, தங்கள் சங்கீதத்தைப் பின்னால் வரும் லாரிக்காரரே பரிபூரணமாக அனுபவிப்பார். இருக்கைக்கடியிலும் இடம் சொற்பமாதலால், பக்கத்தில் அமர்பவரின் பாதங்களுக்கு எதிரே, டாஷ்போர்டின் கீழ், 8 அங்குல ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் அடங்கிய மெல்லிய ரகமொன்றை, பிரேக் போட்டால் பெயர்ந்து வராதபடி இறுகப் பிணைத்துவிடுவதே உசிதம். கால் நீண்ட நண்பர்கள் முணுமுணுக்கக்கூடும், அது அவர்கள் பாடு. இந்தக் காரின் பாட்டரி டிக்கியிலேயே இருப்பதால், என்ஜின் பக்கமிருந்து கம்பி இழுக்கும் சிரமமில்லை. பாட்டரியிலிருந்து ஓரடிக்குள் ஃபியூஸ் மாட்டுவதை மட்டும் அலட்சியம் செய்யலாகாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை மாத்திரம் சப்ஊஃபரிடம் ஒப்படைத்து, கதவு ஸ்பீக்கர்களை அந்தப் பாரத்தினின்று விடுவித்தால் அவையும் தெளிவுபெறும். கூரை திறந்திருக்கையில் காற்றின் இரைச்சல் தாழ்ந்த சுருதிகளை விழுங்கிவிடுகிறதாகையால், சப்ஊஃபரின் அளவைத் தனியே கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.