கறவை மாட்டின் வாய்ப்புண்: கோமாரியா, வேறா?

கல்மண்டபம், இராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் சந்துகளில் மாடு கட்டிப் பால் கறப்போர் இன்றும் உண்டு. பால் வற்றிய மாட்டை விற்றுவிட்டுச் சந்தையில் வேறு கறவை பிடித்து வருவது இவர்கள் வழக்கம். வாங்கி வந்த மாடு ஒரு வாரத்தில் தீவனத்தை மறுத்து, வாயைச் சப்புக் கொட்டி, நூல் நூலாக எச்சில் வடித்தால் கோமாரி என்று ஐயப்பட வேண்டும். கிருமி உடலில் புகுந்து 2 முதல் 14 நாட்களில் நோய் தெரியும். பொன்னேரி, மீஞ்சூர் விவசாயிகளுக்கும் இதே கதைதான்.

முதலில் காய்ச்சல் 104 டிகிரிக்கு மேல் ஏறும். நாக்கிலும், ஈறிலும், மேல் அண்ணத்திலும் நீர்க் கொப்புளம் தோன்றி, ஒரே நாளில் உடைந்து தோல் உரிந்து செம்புண்ணாகும். குளம்புப் பிளவிலும் மடிக்காம்பிலும் புண் காணும், மாடு நொண்டும். வாயும் காலும் சேர்ந்து புண்ணானால் பெரும்பாலும் கோமாரியே.

வாயில் மட்டும் ஓரிடத்தில் புண் இருந்தால் முள், கம்பி குத்தியிருக்கலாம். பட்டணத்து மாட்டுக்கு இது சகஜம். ஆடுகளில் உதடு, நாக்குப் புண்ணுக்கு ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு நோய்களும் காரணம். வெக்கை நோய் 2011-இல் உலகை விட்டே ஒழிந்தது. ஒன்று முக்கியம்: புண் கண்ணுக்குத் தெரியாமல் எச்சில் ஒழுகி, குரல் மாறிக் கத்தி, முட்ட வரும் மாட்டுக்கு வெறிநோய் இருக்கலாம். அதன் வாயில் கையை விடவே கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

கோமாரி வைரசைக் கொல்லும் மருந்து கிடையாது. ஊசி போடுவதெல்லாம் புண்ணில் வேறு கிருமி சேராதிருக்கவே. ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து வாயையும் காலையும் கழுவலாம். வாய்ப்புண்ணுக்குப் போரிக் பவுடரைக் கிளிசரினில் குழைத்துத் தடவலாம். உப்பும் சாம்பலும் போட்டு நாக்கைத் தேய்ப்பது மாட்டை வதைப்பதுதான்.

கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் சொல்லும் கைமருந்தும் உண்டு. சீரகம், வெந்தயம், மிளகு வகைக்கு 10 கிராம் ஊறவைத்து, மஞ்சள் தூள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு தேங்காயின் துருவலுடன் பிசைந்து நாக்கில் தடவிக் கொடுக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, 3 முதல் 5 நாள். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக அரைப்பது அவசியம். வைக்கோல் ஆகாது, கேழ்வரகுக் கஞ்சியும் இளம்புல்லும் போதும்.

வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் பால் குறையும். சில மாடுகள் பிறகு வெயிலில் மூச்சிரைத்தே நிற்கும். கன்றுக்குத்தான் ஆபத்து. வைரஸ் இருதயத் தசையைத் தாக்குவதால் வாயில் புண் தெரியுமுன்பே கன்று சுருண்டு விழும். ஆகவே நோய் கண்ட தாயிடம் கன்றை ஊட்டவிடக் கூடாது. பாலை நன்கு காய்ச்ச வேண்டும். கொட்டிலை 4 சதவீதச் சலவை சோடா கரைசலால், அதாவது லிட்டருக்கு 40 கிராம் கலந்து, கழுவ வேண்டும். நோயுற்ற மாட்டைக் கறந்த கையோடு அடுத்த மாட்டிடம் போவோர் பலர். நோய் வீடு வீடாகப் பரவுவது இப்படித்தான்.

நம் நாட்டில் ஓ, ஏ, ஆசியா-1 என மூன்று வகை வைரஸ் உண்டு. ஒன்று வந்து தேறிய மாட்டுக்கு மற்றது வரலாம். மூன்றுக்கும் சேர்ந்த தடுப்பூசி 2019 முதல் தேசியத் திட்டத்தில் இலவசமாகப் போடப்படுகிறது. நான்காம் மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பின்பு ஆறு மாதத்துக்கு ஒன்று. சினை மாடு என்று ஒளித்து வைப்பதை விட்டு, மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. சந்தையில் வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்டி வைக்க இடமில்லாதவர்கள், ஊசி போட்ட மாடா என்று கேட்டாவது வாங்க வேண்டும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சை அழைக்கலாம்.