பழைய வீட்டை இடிக்கும் முன்

வெளிநாட்டில் பாடுபட்டுப் பிள்ளை அனுப்பிய பணம் கையில் சேர்ந்ததும் பெரும்பாலான குடும்பங்களில் முதலில் எழும் பேச்சு, வாப்பா காலத்துப் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பதுதான். மேஸ்திரி வந்து அளக்கிறார். நாள் குறிக்கப்படுகிறது. ஓடு இறக்குகிறார்கள். கடப்பாரை சுவரில் விழுகிறது. அந்தக் கடப்பாரை விழுவதற்கு முன் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வி மட்டும் பல வீடுகளில் கேட்கப்படுவதே இல்லை. இந்த வீடு யாருடையது?

பழைய வீட்டை இடிப்பது ஆகாது, மூத்தோர் வாழ்ந்த இடத்தில் கை வைத்தால் தீங்கு வரும் என்று அஞ்சுவோர் நம்மிலும் இருக்கிறார்கள். மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் இல்லை. நமது நாயகம் (ஸல்) அவர்களுக்கு 35 வயதாக இருந்தபோது குறைஷிகள் கஃபாவையே இடித்துக் கட்டினார்கள். முதலில் கை வைக்க எல்லோரும் அஞ்சி நின்றார்கள். வலீத் இப்னு முகீரா, தாங்கள் நன்மையையே நாடுகிறோம் என்று இறைவனிடம் முறையிட்டுக்கொண்டே ஒரு பகுதியை இடித்தார். அவருக்கு ஏதேனும் நேருகிறதா பார்ப்போம் என்று மற்றவர்கள் அன்றிரவு முழுவதும் காத்திருந்து, பொழுது விடிந்ததும் அவர் நலமாக வேலைக்கு வந்ததைக் கண்ட பிறகே தாங்களும் இறங்கினார்கள். ஆகவே இடிப்பதைப் பற்றிய அச்சம் வேண்டியதில்லை. பூசணிக்காய் உடைப்பதும், அஸ்திவாரத்தில் இரத்தம் சிந்துவதும் நமக்கு உரியவை அல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அதே குறைஷிகளிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் வேறொன்று உண்டு. இஸ்லாம் வந்திராத அந்தக் காலத்திலும், வட்டிப் பணமோ, விபசாரத்தில் வந்த பணமோ, பிறரிடம் அநியாயமாகப் பறித்த பொருளோ இந்தக் கட்டடத்தில் சேரக்கூடாது என்று அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள். தூய பணம் போதவில்லை. கட்டடத்தைச் சுருக்கினார்களே தவிர, தூய்மையற்றதைச் சேர்க்கவில்லை. ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள் அரைவட்டச் சுவருக்குள் பார்த்திருப்பார்களே, ஹிஜ்ர் என்னும் அந்த இடத்தின் ஒரு பகுதி கஃபாவுக்குள் இருந்திருக்க வேண்டியதுதான். பணம் குறைந்ததால் வெளியே நின்றுவிட்டது என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்களே விளக்கிய செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இரண்டு மாடி என்று திட்டமிட்டுவிட்டோமே, வட்டிக்காவது வாங்கி முடித்துவிடுவோம் என்று சொல்லும் நாம் இங்கே சற்று நிற்க வேண்டும்.

இப்போது இடத்தின் உரிமைக்கு வருவோம். மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் எழுந்த இடம், ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமான பேரீச்சம்பழம் உலர்த்தும் களம். சிறுவர்கள் இலவசமாகவே தர முன்வந்தும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்காமல் விலைக்கே வாங்கினார்கள் என்று புகாரீயில் காண்கிறோம். கட்டப்பட்டது பள்ளிவாசல், கேட்டவர்கள் அல்லாஹ்வின் தூதர். அப்படியிருந்தும் உரிமை தீர்ந்த பிறகே கட்டடம் எழுந்தது.

நம் வீடுகளுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் மௌத்தாகிறார். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். மனைவி, 2 ஆண் மக்கள், 2 பெண் மக்கள் இருக்கிறார்கள். வீட்டு மனை 2,400 சதுர அடி. அவர் பட்ட கடன்களும், செய்த வஸிய்யத்தும் முதலில் தீர்க்கப்பட வேண்டும். மனைவிக்கு மஹர் பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான். நம்மவர்கள் மறந்துவிடும் கடன் அது. இவை போக முழு மனையும் மிஞ்சியது என்று கொண்டால், மனைவிக்கு எட்டில் ஒன்று, 300 சதுர அடி. மீதி 2,100ஐ ஆறாகப் பிரித்தால் ஒரு பங்கு 350. ஆண் மக்களுக்குத் தலைக்கு இரண்டு பங்கு, 700. பெண் மக்களுக்குத் தலைக்கு 350.

வெளிநாட்டிலிருந்து மூத்த மகன் வருகிறார். முழு வீட்டையும் இடித்துத் தம் பணத்தில் புது வீடு கட்டுகிறார். 2,400இல் அவருக்குரியது 700தான் என்பது அவர் நினைவில் இல்லை. தாயும் தங்கைகளும் வாய் திறக்கவில்லை. அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார். கூட்டுச் சொத்தில் பங்காளிகளின் அனுமதியின்றி ஒருவர் இடிக்கவோ கட்டவோ உரிமை இல்லை என்பதே ஃபிக்ஹுச் சட்டம். காக்கா மனம் நோகக் கூடாதே, நாளை பிறந்த வீட்டு வாசற்படி ஏறிவர முடியாமல் போய்விடுமே என்று அஞ்சி அடங்கும் மௌனம் அனுமதியாகாது. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவு அநியாயமாக எடுத்தாலும் ஏழு பூமிகள் மறுமையில் கழுத்தில் மாட்டப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்க, 350 சதுர அடியில் எத்தனை சாண் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

“கலியாணத்தில்தான் நகையும் சீரும் கொடுத்தோமே” என்பது வழக்கமான பதில். வாப்பா உயிரோடிருக்கையில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. வாரிசுப் பங்கு அவர் மௌத்தான பிறகு அல்லாஹ் கொடுப்பது. ஒன்று மற்றொன்றைத் தீர்க்காது. சொத்து கொஞ்சமானாலும் அதிகமானாலும் பெண்களுக்குப் பங்கு உண்டென்று திருமறையின் நான்காம் அத்தியாயம் வெளிப்படையாகவே கூறுகிறது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நம் நாட்டு நீதிமன்றமும் இந்தப் பங்கீட்டையே சொல்லும்.

காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் வீடு பெண்ணுக்கென்றே கொடுக்கப்படும் வழக்கம் இருக்கிறது. அங்கே நிலைமை தலைகீழ். வாப்பா வாயால் கொடுத்தது மட்டும் போதாது, மகள் அதைக் கைப்பற்றியிருக்கவும் வேண்டும். அது நடந்திருந்தால் வீடு அவளுடையது. சகோதரர்களுக்கு அதில் பேச்சில்லை. நடந்திராவிட்டால் அதுவும் எல்லோருக்கும் உரிய பங்குச் சொத்தே.

வழி என்ன? சிக்கலானதொன்றும் இல்லை. இடிக்கும் முன் எல்லோரையும் உட்காரவைத்து, ஊர் ஆலிம் ஒருவர் முன்னிலையில் பங்குகளைச் சொல்ல வேண்டும். மனையின் அன்றைய விலையைப் பேசி, தங்கைகளின் பங்கை வாங்கிக்கொள்ளலாம். பணம் உடனே இல்லாவிட்டால் தவணை எழுதிக்கொள்ளலாம். தன் பங்கு எவ்வளவு என்பதை அறிந்த பிறகு, மனமுவந்து ஒருத்தி விட்டுக்கொடுத்தால் அது அவள் பெருந்தன்மை. எதுவானாலும் எழுத்தில் அமைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும். பங்குதாரர்களில் பருவமடையாத பிள்ளை இருந்தால், அதன் பங்கை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் உரிமை கிடையாது.

உத்தரம், கைமரம், கதவு நிலை ஆகிய பழைய சாமான்களும் பங்குச் சொத்தைச் சேர்ந்தவையே. இடிப்புக் கூலிக்கு ஈடாக எல்லாவற்றையும் மேஸ்திரியே எடுத்துக்கொள்ளட்டும் என்று பேசி முடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய பர்மாத் தேக்கின் விலை கூலியைவிடப் பல மடங்கு இருக்கலாம். மரத்தைத் தனியே மதிப்பிட்டு விற்று, கூலியைத் தனியே கொடுப்பதே வம்பில்லாத வழி.

அண்டை வீட்டார் உரிமையும் இருக்கிறது. நெருக்கமான தெருக்களில் அவர் வீட்டுக் கைமரம் நம் சுவரில் ஊன்றி நிற்கும். அண்டை வீட்டார் தம் சுவரில் மரம் பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்பது நபிமொழி. அதை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்கள், மக்கள் முகம் சுளிப்பதைக் கண்டு கடிந்துகொண்டார்கள். அவருக்குச் சொல்லாமல், முட்டுக் கொடுக்காமல் சுவரை இடிப்பது எப்படித் தகும்?

வாப்பா மௌத்தாகிச் சில வாரங்களே ஆகியிருந்தால், கடப்பாரையை எடுக்கவே வேண்டாம். உம்மா இத்தா இருக்கிறார்கள். 4 மாதம் 10 நாள் அவர்கள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டியவர்கள்.

எல்லாம் முடிந்து புது வீட்டில் குடியேறி 20 ஆண்டுகள் ஆகிவிட்டதே, இனி என்ன செய்வது என்று கேட்போரும் உண்டு. மார்க்கத்தில் காலம் கடந்ததால் பங்கு அழிவதில்லை. மண் இன்றும் தங்கையுடையது. ஆகவே அந்த மண்ணின் இன்றைய விலையைத்தான் பேச வேண்டும். இதற்கிடையே உம்மாவும் மௌத்தாகியிருந்தால், அவர்களின் 300 சதுர அடியிலும் அவளுக்கு 50 சேர்ந்திருக்கும். அந்தத் தங்கையே இல்லையென்றால் அவளுடைய கணவரும் மக்களும் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, 400 சதுர அடி உங்களுக்கு வரவேண்டியிருக்கிறது என்று இந்த வாரமே கடிதம் எழுதிவிடலாம்.