பழைய இசையும் புதிய செவியும்

முன்னோர் இயற்றிய இசையைப் பின்னோர் எவ்வாறு இசைத்தல் வேண்டும்?

ஜெர்மானிய இசைப்பேரறிஞர் யோகான் செபாஸ்டியன் பாக் 1750ஆம் ஆண்டு மறைந்தார். மத்தேயு நற்செய்தியின் வழி இயேசுநாதர் பட்ட பாடுகளைக் கூறும் அவரது இசைப் பெரும்படைப்பு, நெடுநாள் ஏட்டில் உறங்கிக் கிடந்தது. 1829இல் மெண்டல்சோன் என்னும் 20 வயது இளைஞர் அதனைப் பெர்லின் நகரில் மீண்டும் அரங்கேற்றினார். பாடல்கள் பலவற்றை நீக்கினார். 100க்கு மேற்பட்டோரைச் சேர்ந்து பாடச் செய்தார். தம் காலத்துச் சுவைக்கேற்ப அமைத்தார். பாக்கின் புகழ் மீண்டும் தழைத்தது.

1953இல் வியன்னா நகரில் ஆர்னோன்கூர் என்பார் வேறு நெறி கண்டார். தம் மனைவியாருடனும் நண்பருடனும் ஒரு குழுவை நிறுவினார். விலங்கின் குடலை முறுக்கிச் செய்த நரம்பு பூட்டிய வயலின்களையும் பழைய மரக்குழல்களையும் கையாண்டார்; பழைய இசைநூல்களை ஆராய்ந்தார். பெருங்குழுவின் முழக்கத்தில் மறைந்திருந்த இசையிழைகள் சிறுகுழுவில் தனித்தனியே தெளிவுறக் கேட்டன.

ஆயினும், விரைவையும் குழைவையும் ஏடு முற்றக் கூறுவதில்லை. பழைய கருவியை மீண்டும் செய்யலாம். பழைய செவியைச் செய்தல் இயலுமோ? ஆதலின், மெண்டல்சோனைப் பழித்தலும் தகாது. ஆர்னோன்கூர் கண்டதே முடிந்த முடிபு எனல் பொருந்தாது. முன்னவர் இசைக்கு உயிர் மீட்டார். பின்னவர் அதன் உருவைத் தேடினார். முன்னோர் செல்வத்தைக் காப்போர்க்கு அன்பும் வேண்டும், ஆராய்ச்சியும் வேண்டும்.