ரௌட்டரை எங்கே பிடிப்பது?

முதலில் ஒரு சிறு சோதனை. உங்கள் பேனாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். எழுத்துகள் கோணல்மாணலாக விழும். இனி, முனைக்கு அருகில் பிடித்து எழுதுங்கள். பேனாவும் அதுவே, விரல்களும் அவையே. பிடித்த இடம் மட்டுமே மாறியது. வீட்டிலேயே சி.என்.சி. எந்திரம் செய்து, அதில் தச்சரின் ரௌட்டரைப் பொருத்த முயலும் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் பக்கமாகப் போனால் ‘சி.என்.சி. கட்டிங்’ என்னும் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பூஜை அறைக் கதவில் குத்துவிளக்கும் தாமரையும் செதுக்கித் தருவது அந்த எந்திரந்தான். கணினி தரும் எண்களின்படி சிறு மோட்டார்கள் வெட்டும் கருவியை இடவலமாகவும் முன்பின்னாகவும் மேல்கீழாகவும் நகர்த்துகின்றன. 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இத்தகைய எந்திரம் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, அது துளையிட்ட நாடாவிலிருந்து எண்களைப் படித்தது. (அது மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1949-இல் தொடங்கியது. பெயர் ஒற்றுமையால் குழம்ப வேண்டாம்!) இன்று அந்த வேலையை உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஆர்டுயினோ பலகையும், 2009-இல் பிறந்த ஜி.ஆர்.பி.எல். என்னும் இலவச நிரலும் செய்துவிடுகின்றன.

வெட்டும் வேலைக்குப் பட்டறைகளில் விலை உயர்ந்த ஸ்பிண்டில் இருக்கும். நமக்குக் கைகொடுப்பது தச்சர்கள் சன்மைக்காவின் ஓரத்தைச் சீவப் பயன்படுத்தும் சிறிய டிரிம் ரௌட்டர். ‘டிரிம்மர்’ என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவார்கள். எடை ஏறத்தாழ ஒன்றரை கிலோ. திறன் 500 முதல் 700 வாட் வரை. வேகம் நிமிடத்திற்கு 30,000 சுற்றுகள்.

இதன் உள்ளே இருப்பது உங்கள் வீட்டு மிக்ஸியில் உள்ள அதே வகை மோட்டார்தான். யூனிவர்சல் மோட்டார் என்பார்கள். கார்பன் பிரஷ்கள் உரச உரச ஓடும். சுமை கூடினால் வேகம் குறையும். தேங்காய் போட்டதும் மிக்ஸியின் சத்தம் இறங்குவதைக் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? ரௌட்டரின் குரலும் அப்படித்தான் இறங்கும். அதைக் கேட்டே வெட்டு கனமாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய ரௌட்டர் கிடைத்தால், பிரஷ்கள் தேய்ந்திருக்கின்றனவா, தண்டு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். தண்டு ஆடினால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பேனாவுக்கு வருவோம். வெட்டும்போது மரம் பிட்டின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்த விசை 20 நியூட்டன் என்று கொள்வோம். ரௌட்டரின் உடலை ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு கிளாம்ப்கள் பிடித்திருக்கின்றன. இடைவெளி 40 மி.மீ. நுனியோ கீழ்க் கிளாம்பிலிருந்து 60 மி.மீ. கீழே இருக்கிறது. திருப்புத்திறன்களைச் சமன் செய்து பாருங்கள். மேல் கிளாம்ப் 30 நியூட்டனும், கீழ்க் கிளாம்ப் 50 நியூட்டனும் தாங்க வேண்டும்! இருபதாகப் புறப்பட்ட விசை ஐம்பதாக வந்து சேர்கிறது. இடைவெளியை 60 மி.மீ. ஆக்கி, நுனியை 30 மி.மீ. தொலைவுக்குக் கொண்டுவந்தால் அந்த எண்கள் 10, 30 எனக் குறைகின்றன. கீழ்க் கிளாம்ப் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ரௌட்டர் உடலின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் உலோகம், மேற்பகுதி பிளாஸ்டிக். இறுக்கிப் பிடிக்க வேண்டியது உலோகத்தைத்தான்.

பிட்டுக்கும் இதே கதைதான். ஆனால் இன்னும் கடுமையானது. ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் வளைவு, அதன் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் விட்டத்தின் நான்மடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். 3 மி.மீ. எஃகுத் தண்டு ஒன்று 30 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, நுனியில் 10 நியூட்டன் விசை தள்ளுகிறது. அது 0.11 மி.மீ. வளையும், அதாவது ஒரு காகிதத்தின் தடிமன். நீளத்தைப் பாதியாக்குங்கள்; வளைவு எட்டில் ஒரு பங்காகும். நீளத்தை விட்டுவிட்டு விட்டத்தை 6 மி.மீ. ஆக்கினால் பதினாறில் ஒரு பங்கு. தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிட் வெளியே தொங்க வேண்டியதில்லை என்பது இதனால்தான்.

கிளாம்பை எதனால் செய்வது? முப்பரிமாண அச்சு எந்திரத்தில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கால் அச்சிட்டுக்கொள்வது இப்போது வழக்கம். என் மாணவர்கள் இருவரும் அப்படித்தான் செய்தார்கள். ஜனவரியில் அழகாக வேலை செய்த எந்திரம், மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், தகரக் கொட்டகையில் ஒரு மணி நேரம் ஓடியபின் காலை வாரிவிட்டது. பி.எல்.ஏ. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். அக்னி நட்சத்திர வெயில் ஒருபுறம், ரௌட்டரின் சூடு மறுபுறம். திருகாணியின் அழுத்தத்தில் கிளாம்ப் மெல்ல விட்டுக்கொடுக்க, ரௌட்டர் வழுக்கி இறங்கி மேசையைத் துளைத்தது; பிட் முறிந்தது. முறிந்த துண்டை எதிர்ச் சுவரடியில் கண்டெடுத்தோம். கண்ணாடி அணிந்து தள்ளி நின்றதால் யாருக்கும் காயமில்லை. அந்த வடிவத்தைப் பார்த்துச் ‘சரி’ என்று சொன்னவன் நான்தான். விசையைக் கணக்கிட்டேன், வெப்பத்தை மறந்துவிட்டேன்.

ஆகவே அலுமினியமே நல்லது. மரக்கட்டையில் துளையிட்டும் செய்யலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதும், கோடையில் சுருங்கும். ஒவ்வொரு முறையும் இறுக்கத்தைச் சோதிக்க வேண்டிவரும். எதனால் செய்தாலும் ரௌட்டரின் காற்றுத் துளைகளை மூடிவிடாதீர்கள்.

அடுத்து வேகம். நிமிடத்திற்கு 30,000 என்றால் வினாடிக்கு 500 சுற்று. இரண்டு வெட்டு விளிம்புள்ள பிட் வினாடிக்கு ஆயிரம் முறை மரத்தைச் சீவுகிறது. எந்திரம் நிமிடத்திற்கு 1000 மி.மீ. நகர்ந்தால் ஒவ்வொரு சீவலும் 0.017 மி.மீ. தடிமன்தான், தலைமயிரைவிடவும் மெல்லியது. இது வெட்டுவதாகாது, தேய்ப்பதாகும். மரம் கருகும், பிட் மழுங்கும். வேகத்தை 10,000 ஆகக் குறைத்தால் சீவல் 0.05 மி.மீ. ஆகிவிடும். வேகக் கட்டுப்பாடு உள்ள ரௌட்டரையே தேடி வாங்குவது இதற்காகத்தான். மின்விசிறி ரெகுலேட்டரைச் செருகி வேகத்தைக் குறைக்கும் யோசனை வேண்டாம். அது ரௌட்டரின் சுமையைத் தாங்காமல் சூடேறிக் கருகிவிடலாம்.

இன்னொன்று: ரௌட்டர் ஓடும்போது எந்திரம் காரணமில்லாமல் நின்றுவிட்டால் பிரஷ்களில் தோன்றும் தீப்பொறிகளைச் சந்தேகியுங்கள். 1887-இல் ஹெர்ட்ஸ் மின்பொறியிலிருந்துதான் வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டினார். மிக்ஸி ஓடினால் பழைய வானொலிகள் கரகரத்ததும் அதனால்தான். ரௌட்டரின் மின்கம்பியைச் சுவிட்ச் கம்பிகளிலிருந்து விலக்கி மேலிருந்து தொங்கவிடுங்கள்.

பாதுகாப்பில் பலர் மறப்பது ஒன்று உண்டு. ரௌட்டர் தனி பிளக்கில் ஓடுகிறது. கணினி நின்றாலும் அது நிற்காது. கணினிக்கோ ரௌட்டர் நின்றது தெரியாது; பிட்டை மரத்தில் மோதிக்கொண்டே போகும். இரண்டையும் ஒரே சுவிட்சின் கீழ் கொண்டுவந்து, எந்திரத்தின் மேல் குனியாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின் இணைப்பைத் தெரிந்த பெரியவர் ஒருவர் பார்த்த பிறகே ஓட்டுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி, காதுக்கு அடைப்பான் மூன்றும் வேண்டும்.

பொருத்தியபின் ரௌட்டர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிட்டுக்குப் பதில் ‘ட’ போல வளைத்த விறைப்பான கம்பியைப் பொருத்துங்கள். அதன் கை 100 மி.மீ. நீளம் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையால் சுற்றி, நான்கு திசைகளிலும் கம்பி நுனிக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியில் காகிதங்களைச் செருகி எண்ணுங்கள். ஒரே ஒரு டிகிரி சாய்வு 6 மி.மீ. பிட்டின் அடியில் 0.1 மி.மீ. படியாகத்தான் தெரியும், இந்தக் கம்பியிலோ எதிரெதிர்ப் புறங்களுக்கிடையே 3.5 மி.மீ. வித்தியாசமாகக் காட்டிவிடும்.

பிறகு ஒரு பலகையில் 6 மி.மீ. பிட்டால் மூன்று பள்ளங்கள் வெட்டுங்கள். ஆழம் 1, 2, 3 மி.மீ. வெர்னியர் அளவியால் அகலங்களை அளந்து ஆழத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள். அகலம் 6 மி.மீ.க்கு மேல் கூடிக்கொண்டே போனால், கிளாம்பைக் கழற்றி இன்னும் கீழே இறக்கிப் பொருத்தி, அதே மூன்று பள்ளங்களையும் மறுபடி வெட்டிப் பாருங்கள்.