கரிப்புகையில் வரைந்த குரல்

நுழையும்முன்

‘இதுவே முதலாவது’ என்று கூறுதல் எளிது. அதனைச் சான்றுகளால் நிறுவுதல் அரிது. ஒரு கருவியின் சிறப்பைப் புகழுரைகள் நிலைநாட்டுவதில்லை. நாள் குறிக்கப்பெற்று, பிறரால் காக்கப்பெற்ற ஆவணங்களே நிலைநாட்டுகின்றன. நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த ஓர் ஒலிவரைவுக் கருவியின் வரலாறு இவ்வுண்மையை உணர்த்துகிறது.

ஒலிக்கு ஓர் எழுத்து

ஒலிப்பதிவு என்றதும் 1877ஆம் ஆண்டில் எடிசன் உருவாக்கிய ஃபோனோகிராப் கருவியே நினைவுக்கு வரும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பாரிஸ் நகரில் அச்சுத்தொழில் செய்துவந்த எதுவார் லெயோன் ஸ்காட் என்பவர் ஒலியைத் தாளில் வரையும் கருவியொன்றை அமைத்தார். உடலியல் நூலொன்றின் அச்சுப்படியைத் திருத்தியபோது, அதிலிருந்த செவியின் படங்கள் அவர்தம் சிந்தனையைத் தூண்டின. செவித்துளைக்கு ஈடாக ஒரு புனலையும் செவிப்பறைக்கு ஈடாக ஒரு மெல்லிய சவ்வையும் பொருத்தினார். சவ்வுடன் ஒரு மயிரிழையை இணைத்தார். அதன் எதிரே, விளக்குப்புகையின் கரி படிந்த தாள் உருளையில் சுற்றப்பட்டிருந்தது. புனலருகே ஒருவர் பாட, சவ்வு அதிரும். மயிரிழை கரியைக் கீறி அலைகோடு வரையும். இக்கருவிக்கு ஃபோனாட்டோகிராப் என்று அவர் பெயரிட்டார். தோன்றிய கணமே மறையும் குரலைக் கண்ணால் படிக்கும் எழுத்தாக்குவதே அவர் நோக்கம். அதனை மீண்டும் ஒலிக்கச் செய்வதன்று.

காப்பகம் காத்த சான்று

ஸ்காட் தம் கருத்துகளை 1857 ஜனவரியில் முத்திரையிட்ட உறையில் பிரெஞ்சு அறிவியல் கழகத்திடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடிசனின் புகழ் பரவியபோது, 1878ஆம் ஆண்டில் தம் உரிமையை வலியுறுத்தி நூலொன்றை வெளியிட்டார். மறு ஆண்டே மறைந்தார். அவருடைய முறையீடு உலகின் செவிகளை எட்டவில்லை.

ஆயினும் அவர் ஒப்படைத்த தாள்கள் காப்பகங்களில் இருந்தன. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிக் கண்டனர். நுண்ணிய ஒளிப்படிகளாக்கி, கணினியின் துணையால் அலைகோடுகளை ஒலியாக மாற்றினர். 1860 ஏப்ரல் 9 என்று நாள் குறித்த தாளிலிருந்து பிரெஞ்சு நாட்டுப்புறப் பாடலொன்றின் பகுதி சில நொடிகள் ஒலித்தது. ஸ்காட்டின் சொல் சாதிக்காததை அவர் ஒப்படைத்த தாள் சாதித்தது.

சான்றைப் படிக்கும் முறை

முதலில் கேட்டது ஒரு சிறுமியின் குரல் என்றே கருதப்பட்டது. கையால் சுழற்றும் உருளையின் வேகம் சீராக இராது என்பதால், ஸ்காட் பாடலின் கோட்டருகே இசைக்கவையின் அதிர்வையும் வரைந்திருந்தார். அதுவே காலத்தை அளக்கும் கோல். அக்காலப் பிரெஞ்சு அறிஞர் ஓர் அதிர்வின் போக்கையும் வரவையும் தனித்தனியே எண்ணினர். அவர்கள் 500 என்றது இன்றைய கணக்கில் 250. இதனை அறியாமையால் பாடல் இரு மடங்கு வேகத்தில் ஒலித்தது. 2009ஆம் ஆண்டில் பிழை திருத்தப்பட்டபோது, சிறுமியின் குரல் ஓர் ஆடவரின் குரலாயிற்று. பாடியவர் ஸ்காட்டாகவே இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

ஆவணம் இருந்தால் மட்டும் போதாது. அஃது எழுந்த காலத்தின் வழக்கறிந்து படித்தல் வேண்டும். சான்று தாங்கும் அளவிற்கே முடிவும் கூறல் வேண்டும். ஒலியை முதலில் வரைந்தவர் ஸ்காட்; பதித்த ஒலியை முதலில் மீட்டுக் கேட்பித்தவர் எடிசன். ஒருவர் பெருமையை நிறுவ மற்றவர் பெருமையைக் குறைக்க வேண்டுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

ஸ்காட்டின் ஒலிவரைவுகள் 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழங்கும் இசைக்கருவி ஒன்றின் பழமையை நிறுவ உதவும் சான்றுகளைத் திரட்டுக. அவற்றுள் நாள் குறிக்கப்பெற்றவை எவை, செவிவழிச் செய்திகள் எவை எனப் பிரித்து எழுதுக.
2. ‘சான்று தாங்கும் அளவிற்கே முடிவு கூறல் வேண்டும்’ – பாடக்கருத்தின் வழி விளக்குக.