ரேஷன் கடைக்குப் பின்னால் எத்தனை வேலைகள்?

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியில் பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலர், "கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன்" என்பார்கள். இது "மருத்துவமனையில் வேலை செய்யப் போகிறேன்" என்பது போன்ற பதில். டாக்டரா, நர்ஸா, இரத்தம் சோதிப்பவரா என்று தெரிய வேண்டாமா?

உங்கள் ஊர் ரேஷன் கடையையே எடுத்துக்கொள்வோம். 2017இல் தமிழ்நாட்டில் பழைய குடும்ப அட்டைக்குப் பதிலாக மின்னணு அட்டை வந்தது. விற்பனையாளர் அட்டையைக் கருவியிடம் காட்டுகிறார்; பாட்டி விரலை வைக்கிறார்; பில் போடப்படுகிறது; வீட்டுத் தொலைபேசிக்குச் செய்தி வருகிறது. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளுக்கான இந்த ஏற்பாடு ஒரு கணிப்பொறித் தகவல் அமைப்பு.

இதில் முதல் வேலை கணிப்பொறியில் தொடங்குவதில்லை. முறைமை ஆய்வாளர் என்பவர் கடையில் நின்று கேள்வி கேட்க வேண்டும். பாட்டியின் விரல் ரேகை தேய்ந்திருந்தால் அரிசி கிடையாதா? குடும்பத்தில் ஒருவர் இறந்தால் பெயரை நீக்குவது யார்? சிக்னல் இல்லாத நாளில் என்ன செய்வது? இவற்றில் ஒன்றைக் கேட்க மறந்தால், தவறே இல்லாத கருவியும் ஒரு கிழவியை வெறும் பையோடு திருப்பி அனுப்பும்.

அந்த விடைகளை ஆணைத்தொடராக எழுதுபவர் புரோகிராமர். இன்று எளிய ஆணைத்தொடர்களைக் கணிப்பொறியே எழுதித் தருகிறது. ஆனால் எழுதியது சரியா என்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

தரவுத்தள நிர்வாகியின் கவலை வேறு. கடையில் 100 கிலோ அரிசி இருக்கிறது என்க. ஒரு குடும்பத்துக்கு 20 கிலோ பில் போடும்போது இரண்டு கணக்குகள் மாற வேண்டும்: கடை இருப்பு 80 ஆக வேண்டும்; குடும்பத்தின் பெயரில் 20 ஏற வேண்டும். முதல் மாற்றம் முடிந்ததும் மின்சாரம் நின்றால்? 20 கிலோ காற்றில் போகும்! ஆகவே இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்காதது போல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வங்கியிலும் ரயில் முன்பதிவிலும் இதே விதிதான்.

இணைப்புகளைப் பராமரிப்போர், பழுது நீக்குவோர், மக்களின் எண்களும் ரேகைகளும் திருடு போகாமல் காப்போர் ஆகியோரும் உண்டு.

சரி, வழி எது? பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமோ படிக்கலாம். சேலம் தியாகராஜர் பாலிடெக்னிக் 1958இல் தொடங்கியது. டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். பிளஸ் டூ வழியாகவும் பி.இ. போகலாம், கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி 1966 முதல் இருக்கிறது. வணிகவியல் எடுத்தவர்கள் மனம் தளர வேண்டாம். கணக்குப்பதிவு தெரிந்தவர் நல்ல முறைமை ஆய்வாளர் ஆகலாம் என்பது என் எண்ணம். ஆனால் ஒன்று: எம்.சி.ஏ.வுக்குப் பொதுவாகப் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் கேட்பார்கள். பி.சி.ஏ.வில் சேருமுன் அங்கே கணிதப் பாடம் உண்டா என்று பாருங்கள். விளம்பரப் பலகை இதைச் சொல்லாது.

அடுத்த முறை ரேஷன் வாங்கப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். கூட்டம் குறைந்ததும் விற்பனையாளரிடம், கருவி எப்போதெல்லாம் தகராறு செய்கிறது என்று கேட்டு எழுதுங்கள். ஆளின் சிரமமா, ஆணைத்தொடரின் பிழையா, கணக்கா, இணைப்பா என்று பிரியுங்கள். எந்தப் பகுதியைத் தீர்க்க உங்கள் கை துறுதுறுக்கிறது?