இந்த வயதில் எதற்கு வாத்தியம்?

பட்டுக்கோட்டையில் ஆர்கெஸ்ட்ரா என்றால் திருவிழா ராத்திரியில் மேடை போட்டு சினிமாப் பாட்டு பாடும் மெல்லிசைக் குழுதான். அவர்கள் பணம் வாங்கிக்கொண்டு பாடுவார்கள், நாம் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்போம். வயலும் கடையும் ஆபீசுமாக இருக்கிற நாற்பது, ஐம்பது வயதுக்காரருக்குத் தானும் ஒரு வாத்தியத்தை எடுத்து நாலு பேரோடு சேர்ந்து வாசிக்கலாம் என்ற நினைப்பு வருவதே அபூர்வம். வந்தாலும் அதை அமுக்கிப்போட வீட்டிலும் டீக்கடையிலும் சில பேச்சுகள் தயாராக இருக்கும். அவற்றில் சிலது சுத்தப் பொய், சிலது பாதி உண்மை.

“நம்ம பக்கம் அப்படி எல்லாரும் சேர்ற குழு ஏது, அண்ணே?”

இருக்கிறது, கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருக்கிறது. கும்பாபிஷேகத்திலும் பெரிய சுவாமி புறப்பாட்டிலும் முன்னால் ஆர்ப்பரித்துக்கொண்டு போகும் கயிலாய வாத்தியக் குழுவைப் பாருங்கள். பேரிகை, உடல், பிரம்மதாளம், சங்கு, கொம்பு, எக்காளம், திருச்சின்னம், தாரை என்று ஒரு பட்டாளம். வாசிப்பவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஆசிரியர், கடைக்காரர், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், குடும்பப் பெண்கள் என்று கலந்துகட்டி இருப்பார்கள். பலர் வளர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டவர்கள். கோயில் பக்கம் போகாதவருக்குப் பறைப் பயிற்சிக் குழுக்கள் உண்டு. தேவாலயத்தில் பாடகர் குழு உண்டு. மார்கழி பஜனை கோஷ்டியில் ஜால்ரா தட்ட யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

கூட்டாக வாசிப்பது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர் என ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் சம்பளம் என்று கல்வெட்டு சொல்கிறது. அவர்கள் தொழில்முறைக்காரர்கள், நம்மைப் போலப் பொழுது கிடைத்தபோது வந்தவர்கள் அல்லர். ஆனால் ஐம்பது பேர் சேர்ந்து ஒலிக்கும் இசையை இந்த நெல்லுச் சீமை ஆயிரம் வருஷமாகக் கேட்டு வருகிறது.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?”

இந்தப் பழமொழியில் கொஞ்சம் நியாயம் உண்டு. எந்தத் துணையும் இல்லாமல் ஒரு ஸ்வரத்தைக் கேட்ட மாத்திரத்தில் அதன் கட்டையைச் சொல்லிவிடும் திறமை சிறு வயதில் வாய்க்காவிட்டால் பிறகு பெரும்பாலும் வாய்க்காது. ஆனால் நம் சங்கீதத்துக்கு அது தேவையே இல்லை. ஒருவர் ஒரு கட்டையில் பாடுவார், இன்னொருவர் ஐந்து கட்டையில் பாடுவார். எங்கே ஷட்ஜத்தை வைத்தோமோ அங்கிருந்து மற்ற ஸ்வரங்களைப் பிடிப்பதுதான் கணக்கு, அந்தக் காது எந்த வயதிலும் பழகும். விரல்தான் மெதுவாக வழிக்கு வரும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக மூன்று மணி நேரம் அடிப்பதைவிட, தினம் கால் மணி நேரம் தொடுவது பலன் தரும்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து ஈஸ்ட்மன் இசைப்பள்ளிப் பேராசிரியர் ராய் எர்ன்ஸ்ட் 1991-ல் ஐம்பது வயது தாண்டியவர்களுக்காக ஒரு பேண்டு குழுவைத் தொடங்கினார். வாத்தியத்தையே தொட்டறியாதவர்களும் அதில் சேர்ந்தார்கள். நியூ ஹொரைசன்ஸ் என்ற பெயரில் அதே மாதிரியான குழுக்கள் பிறகு பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் முளைத்தன. நம்மூரில் வயதுக் கதவு இன்னும் இருக்கத்தான் செய்கிறது. திருவாரூரில் உள்ளது போன்ற மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் 12 முதல் 25 வயது வரைதான் சேர்ப்பார்கள். அதைத் தாண்டியவருக்குக் குழுதான் பள்ளிக்கூடம்.

“எனக்குச் சங்கீதக் காதே கிடையாது.”

நிஜமாகவே ஸ்வர ஏற்ற இறக்கம் பிடிபடாத பிறவிக் குறை ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடு 1.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதம் வரை. ஒரு பாட்டை யாராவது தப்பாகப் பாடும்போது உங்களுக்கு முகம் சுளிக்கிறதென்றால் அநேகமாக நீங்கள் அந்தக் கணக்கில் இல்லை.

“சங்கு ஊத நெஞ்சில் பலம் வேணும்.”

புதிதாகச் சேர்கிறவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். கன்னத்தை உப்பி, முகம் சிவக்க ஊதுவார்கள். சங்கு காற்றை மட்டும் இரைக்கும். சங்கும் கொம்பும் எக்காளமும் உதட்டு வாத்தியங்கள். உதட்டை இறுக்கி மூடி, நடுவில் நூலளவு இடம் விட்டு, அந்த இடத்தில் உதடு அதிரும்படி காற்றை விட வேண்டும். அதிர்வு வந்துவிட்டால் நோஞ்சான் ஆளுக்கும் சங்கு முழங்கும். மூச்சு பலம் தேவைப்படுவது அதை நீட்டிப் பிடிப்பதற்குத்தான். நாதஸ்வரக் கதை வேறு. அங்கே அதிர்வது உதடல்ல, சீவாளி.

பிரம்மதாளத்திலும் இப்படி ஒரு பிழை சகஜம். இரண்டு தட்டுகளையும் கைதட்டுவது போல நேருக்கு நேர் மோதுவார்கள். உள்ளே காற்று சிக்கி ‘டப்’ என்று அடங்கிவிடும். ஒரு விளிம்பு கொஞ்சம் முந்தித் தொட்டு, உரசினாற்போல் விலக வேண்டும். அப்போதுதான் நாதம் விரியும். முதல் மாதம் புதியவர் கையில் உடல் மேளத்தைக் கொடுக்காமல் தாளத்தைக் கொடுப்பது அவமதிப்பு அல்ல. காலப்பிரமாணம் ஓடாமல் நிற்கக் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். பெரும்பாலான குழுக்களில் வாத்தியம் பொதுச்சொத்து என்பதால் காசு போட்டு வாங்கிவிட்டுத்தான் சேர வேண்டும் என்பதும் இல்லை. காதில் பஞ்சு மட்டும் உங்கள் செலவு. அதையும் நல்ல அடைப்பானாக வாங்கிக்கொள்ளுங்கள். பேரிகைக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் நிற்கிற காது கெடும், அது மூடநம்பிக்கை இல்லை.

“வராளியை நேரே சொல்லிக்கொடுத்தால் குருவும் சிஷ்யனும் பிரிஞ்சிடுவாங்க.”

வராளி ராகத்தைப் பற்றி இன்னும் சில வீடுகளில் நிலவும் பேச்சு. இதைப் போக்க ஒருமுறை திருவையாறு போய்வந்தால் போதும். தியாகராஜர் ஆராதனையில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ எனப் பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் நூற்றுக்கணக்கானோர் ஒரே குரலாகப் பாடுகிறார்கள், வராளியை யாரும் தாண்டிப் போவதில்லை. முன்வரிசையில் வித்வான்கள், பின்னால் பந்தலில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கூடவே பாடும் சாதாரண ஜனங்கள். அங்கே தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். அப்படியும் அங்கே பெண்களைப் பாடவிடாத காலம் ஒன்று இருந்தது. அவர் போராடினார். ஆராதனையைத் தனித்தனியாக நடத்திப் பிரிந்து கிடந்த கட்சிகள் 1940-களின் தொடக்கத்தில் ஒன்றான பிறகுதான் இப்போதைய கூட்டுப்பாட்டு நிலைத்தது. யார் உட்காரலாம் என்ற விதிகளை ஆட்கள்தான் போட்டார்கள், ஆட்களே மாற்றினார்கள்.

“அதெல்லாம் பரம்பரைக்காரங்க சமாச்சாரம்.”

பரம்பரை என்பது ரத்தத்தில் வருவதில்லை. விடிகாலையில் எழுந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மணிநேரங்கள்தான் அது. ஆனாலும் இந்தப் பேச்சில் ஒரு மறைந்த நியாயத்தைப் பார்க்கிறேன். வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் குச்சி பிடித்துத் தவில் வாசிப்பவருக்கு அது சோறு. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் 2022-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது, அதை வாசிக்கிறவர்களில் பலருக்கு நிலையான வருமானம் இன்னும் இல்லை. ‘இலவசமாகத்தான் ஒரு குழு வருதே’ என்று கோயில் கமிட்டி மேளக்காரர் சம்பளத்தில் கை வைத்தால், நம்முடைய பொழுதுபோக்கு அவர் அடுப்பை அணைக்கிறது. பறை கற்றுக்கொள்ளும் நகரத்து ஆட்களும் ஒன்றை யோசிக்கலாம்: சாவு வீட்டில் அடிக்கும்படி ஒரு சாதியையே கட்டாயப்படுத்திய வாத்தியத்தை நாம் விருப்பப்பட்டு எடுக்கிறோம். எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வாசித்தே பிழைத்தவரிடம் போய், தட்சிணை கொடுத்துக் கற்றுக்கொள்ளலாமே.

“பக்தி இருந்தா போதும், பயிற்சி எதுக்கு?”

நான் கேட்டதிலேயே மோசமான பேச்சு இதுதான். இங்கிலாந்தில் 1970-ல் போர்ட்ஸ்மவுத் ஓவியக் கல்லூரியில் வாசிக்கத் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொண்டு போர்ட்ஸ்மவுத் சின்ஃபோனியா என்றொரு குழு கிளம்பியது. 1974-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் வரை போய் வாசித்தது. ஜனங்கள் டிக்கெட் வாங்கிச் சிரித்தார்கள். சுவாமி புறப்பாட்டில் அப்படிச் சிரிக்க முடியாது, காதைப் பொத்திக்கொள்ளத்தான் முடியும். வாரம் ஒரு நாள் கூட்டுப் பயிற்சியாவது வேண்டும். சம்பா அறுவடை நேரத்தில் ஆள் குறையும், அதற்கேற்ப நாளைத் தள்ளிப்போடுங்கள், விட்டுவிடாதீர்கள்.

எந்தக் குழுவில் சேரலாம் என்று கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான்: அவர்கள் வாசிக்கும் ஒரு புறப்பாட்டுக்குப் போங்கள். நாதஸ்வரக்காரர் கம்பீரநாட்டையில் மல்லாரியை எடுக்கும்போது குழு கையை நிறுத்தி அவருக்கு வழிவிடுகிறதா என்று பாருங்கள். விட்டால் சேருங்கள். அதன் மேலேயே அடித்துக்கொண்டு போனால் வேறு குழு தேடுங்கள்.